பழைய கார் புறப்பட மறுத்தால்: மின்கோளாற்றை முறையாகக் கண்டறிவோம்



வெட்டுக்கோட்டில் பால் ஊறியும் மங்கில் விழவில்லை என்றால், அனுபவமுள்ள பாட்டாளி மரத்தின் மீது பழி சுமத்துவதில்லை. பால் வடியும் பாதையை மேலிருந்து கீழ்வரை பார்த்து வருகிறார். எந்த இடத்தில் தடையோ அந்த இடத்தைச் சரிசெய்கிறார். மோட்டார் காரில் ஏற்படும் மின்கோளாற்றையும் இதே முறையில்தான் கண்டறிய வேண்டும்.

சில காலத்திற்கு முன் ஒரு தோட்டத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு பழைய மோரிஸ் மைனர் காரைப் புதுப்பித்திருந்தனர். துருவை நீக்கி, புதுச் சாயம் பூசி, இயந்திரத்தையும் சீராக்கினர். ஆனால் கார் புறப்படவில்லை. புது பேட்டரி வாங்கினர், பயனில்லை. புது காயில் வாங்கினர், அதிலும் பயனில்லை. "இனி ஸ்டார்ட்டரையும் மாற்றிப் பார்க்கலாமா, ஐயா?" என்று மகன் என்னிடம் கேட்டார். சேமிப்பு முழுதும் கரைந்திருந்தது. கோளாறோ ஒரு காசும் செலவாகாத ஒன்று. அது என்ன என்பதைக் கீழே காண்போம்.

காரைப் பற்றிச் சில சொற்கள்

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 10 இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. 1970களின் தொடக்கத்தில் இதன் உற்பத்தி நின்றது. மலாயாவின் சாலைகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த இக்காரை, இன்று ஆர்வலர்கள் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கின்றனர்.

இதன் மின்சாரம் 12 வோல்ட். ஒரு செய்தியை மறவாதீர்கள்: பிற்காலக் கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடற்பகுதியோடு இணைக்கப்படும். மோரிஸ் மைனரிலோ நேர்முனையே உடற்பகுதியோடு இணைக்கப்பட்டது. புதுப்பித்தவர் இதனை மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே, பேட்டரியைக் கழற்றும் முன் எந்த முனை உடற்பகுதிக்குச் செல்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்க.

முதற்படி: பேட்டரியும் எர்த் இணைப்பும்

நன்கு மின்னேற்றம் பெற்ற பேட்டரி, கார் ஓடாத நிலையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வெகுவாகத் தீர்ந்துவிட்டது என்று பொருள். முனைகளில் வெண்பொடி படிந்திருந்தால் தூய்மைப்படுத்தி இறுக்குக.

அடுத்து எர்த் இணைப்பு. இயந்திரம் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. நாம் வெட்டும் மரத்தின் பாலிலிருந்து பிறக்கும் அந்த ரப்பர், அதிர்வைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இயந்திரத்தையும் உடற்பகுதியையும் ஒரு பின்னல் பட்டை இணைக்கிறது. அப்பட்டை அறுந்தாலோ, அது பொருந்தும் இடத்தில் சாயம் படிந்தாலோ, ஸ்டார்ட்டருக்குப் போதிய மின்சாரம் கிட்டாது. மின்சாரம் வேறு வழி தேடி, சோக் கம்பி வழியாகவும் பாயலாம். ஸ்டார்ட்டரை இயக்கும்போது சோக் கம்பி சூடேறினால், குற்றவாளி எர்த் பட்டையே.

அத்தோட்டத்துக் காரில் நேர்ந்ததும் இதுதான். பட்டை பொருந்தும் இடத்தில் புதுச் சாயம் தடிப்பாகப் படிந்திருந்தது. உப்புத்தாள் கொண்டு சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிந்தபின் பட்டையை இறுக்கினோம். ஸ்டார்ட்டர் உடனே வேகமாகச் சுழன்றது. புதுப்பித்த காரில் ஒவ்வோர் எர்த் இணைப்பையும் இவ்வாறு பார்ப்பது இன்றியமையாதது.

இரண்டாம் படி: பெட்ரோலா, தீப்பொறியா?

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் இயந்திரம் இயங்கவில்லை என்றால், இந்த வினாவிற்கு விடை காண்க. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் 'டிக், டிக்' என ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கவேண்டும். ஒலியே இல்லையெனில் பம்பை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் இயங்கினால் அதன் பாயிண்டுகள் தேய்ந்துள்ளன. ஒலி அடங்காமல் தொடர்ந்தால், தொட்டியில் பெட்ரோல் உண்டா, குழாயில் கசிவு உண்டா என்று பார்க்கவும்.

பின்னர், பெட்ரோல் கசிவு எங்குமில்லை என்று உறுதி செய்தபின், காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவிலிருந்து கழற்றுக. உலர்ந்த, மின்காப்புள்ள இடுக்கியால் அதன் நுனியை இயந்திர இரும்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, வேறொருவரைச் ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுக. வெறுங்கையால் தொடலாகாது, அதில் பல்லாயிரம் வோல்ட் பாய்கிறது. தடித்த நீலப் பொறி பறந்தால் காயில்வரை நலம். பொறியில்லையேல் மூன்றாம் படிக்குச் செல்க.

மூன்றாம் படி: சோதனை விளக்கு

12 வோல்ட் பல்பு ஒன்றும் இரு கம்பிகளும் போதும். ஒரு கம்பியை இயந்திர இரும்பில் இணைத்து, சாவியைத் திருப்பி வைத்து, மற்ற கம்பியால் சோதிக்கவும்.

1. காயிலில் சாவியிலிருந்து வரும் முனையைத் தொடுக. விளக்கு எரியாவிடில் கோளாறு சாவியிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

2. எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மற்ற முனையைத் தொடுக. கியரை நடுநிலையில் வைத்து, இயந்திரத்தைக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றுக. பாயிண்டு திறக்கும்போது விளக்கு எரியும், மூடும்போது அணையும். இதுவே சரியான நிலை.

3. எப்போதும் எரிந்தால், பாயிண்டு மூடவில்லை. அல்லது அதில் எண்ணெயோ அழுக்கோ உள்ளது.

4. ஒருபோதும் எரியாவிடில், அம்முனையிலுள்ள கம்பியைக் கழற்றி மீண்டும் முனையைத் தொடுக. இப்போது எரிந்தால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அல்லது அதற்குச் செல்லும் கம்பியில் உள்ளது. கண்டென்சர் கெட்டிருக்கலாம், அல்லது பாயிண்டைப் பொருத்தியவர் மின்காப்பு வளையத்தை இடம் மாற்றியிருக்கலாம். அப்போதும் எரியாவிடில் காயிலே பழுது.

நான்காம் படி: பாயிண்டும் பிளக்கும்

பாயிண்டு முழுதும் திறந்த நிலையில் இடைவெளி ஏறக்குறைய 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதன் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறுகி, பொறி பறக்கும் நேரமும் பிந்திவிடும். கண்டென்சர் பழுதானால் பாயிண்டு விரைவில் கருகிக் குழிவிழும். சூடேறியதும் இயந்திரம் திக்கும்.

பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். அதன் நுனி வெளிர்பழுப்பாய் இருப்பின் நலம். கரிபடிந்த கறுப்பு பெட்ரோல் மிகுதியைக் காட்டும்; எண்ணெய் ஈரம் இயந்திரத் தேய்மானத்தைக் காட்டும். கம்பிகளை மாற்றிப் பொருத்திவிடாதீர்கள்: வெடிப்பு வரிசை 1, 3, 4, 2. ரேடியேட்டருக்கு அருகிலுள்ளதே முதல் சிலிண்டர். டிஸ்ட்ரிபியூட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும்.

மழைக்காலத்து விடியற்காலையில் மட்டும் கார் புறப்பட மறுத்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கரிக்கோடு தெரிந்தால் மூடியை மாற்றவேண்டும்.

சிவப்பு விளக்கும் பியூசும்

வேகமாக ஓடும்போதும் மின்னேற்றச் சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் விசிறிப் பட்டையைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் இறுக்குக. அதன் பின்னரே டைனமோவை ஐயுறுக. பியூஸ் எரிந்தால் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது பெருந்தவறு. பியூஸ் எரிவது காரைக் காப்பதற்காக. அதைத் தடுத்தால் கம்பிகள் எரியும். கார் முழுதுமே தீப்பற்றக்கூடும்.

முடிவுரை

சோதித்தபின் வாங்குவது அறிவுடைமை. வாங்கியபின் சோதிப்பது வீண்செலவு. அந்தத் தோட்டத்து இளைஞர் இப்போது சோதனை விளக்கு ஒன்றைத் தாமே செய்து வைத்திருக்கிறார். அண்டை வீட்டார் தம் மோட்டார் சைக்கிள்களை அவரிடம் கொண்டுவருகின்றனர். இத்தகைய ஆர்வம் உள்ள பிள்ளைகளை மோட்டார் வாகனத் தொழிற்பயிற்சிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை. கையில் இருக்கும் தொழில் எந்தக் காலத்திலும் சோறு போடும்.

பயிற்சி வினாக்கள்

1. ஸ்டார்ட்டரை இயக்கும்போது சோக் கம்பி சூடாவது ஏன்?
2. பாயிண்டு திறக்கும்போதும் மூடும்போதும் சோதனை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் எங்கே பார்ப்பீர்கள்?
3. பியூசுக்குப் பதிலாக வெள்ளித்தாள் வைப்பதால் விளையும் தீங்கு யாது?