தாத்தாவின் லேண்ட் ரோவரில் மழைத்தண்ணீர்

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. தாத்தா விட்டுப்போன சீரிஸ் த்ரீ லேண்ட் ரோவர், மழை பெய்தால் ஓட்டுகிறவர் காலடியில் குளமாகிறது, இரண்டு முறை சிலிக்கான் பூசியும் நிற்கவில்லை, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். நம் மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் இதே கவலையோடு பலர் இருப்பதால், பதிலை எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதல் வேலை, அது மழைத்தண்ணீர்தானா என்று உறுதி செய்வது. காலடி விரிப்பைத் தூக்கி, ஈரத்தை விரலில் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்து, கிளட்ச் மிதியின் தண்டிலும் ஈரம் இறங்கியிருந்தால் அது மழை இல்லை; கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பிரேக் மிதியின் தண்டில் அப்படி எண்ணெய் தெரிந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். ஹீட்டர் உள்ள வண்டியில் பிசுபிசுப்போடு இனிப்பு வாடை வந்தால் அது ரேடியேட்டர் தண்ணீர். இன்னொன்றும் உண்டு. நம் ஊர்க் குளிரில், ஈர விரிப்போடு வண்டியைப் பூட்டி வைத்தால், விடியற்காலையில் அலுமினியக் கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். இரவு மழையே இல்லாமல் காலையில் ஈரமாக இருந்தால், ஓட்டையைத் தேடாதீர்கள். விரிப்பை வெளியே எடுத்துக் காயவையுங்கள்.

மழைதான் என்று தெரிந்துவிட்டால், அடுத்ததாக மனதில் பதிய வேண்டியது: தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்காது. தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகரக்கூரை ஒழுகும்போது அம்மா சட்டியை வைக்கிற இடம் ஒன்று. அப்பா மேலே ஏறி ஆணியைத் தேடுகிற இடம் இன்னொன்று, நாலு முழம் தள்ளி, மேட்டுப் பக்கத்தில். தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து, தாழ்ந்த இடத்தில்தான் விழும். வண்டிக்கும் அதே கணக்குதான்.

இந்த வண்டியின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரை வைத்தபோது இங்கிலாந்தில் போருக்குப் பிந்திய இரும்புத் தட்டுப்பாடு. அதனால் வெளித்தகடெல்லாம் அலுமினியக் கலவை. தகடு தகடாக ஆணியும் போல்ட்டும் போட்டு முடுக்கிய உடம்பு. சேற்றுப்பாதையில் அடிபட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்ற வசதி. தோட்டங்களிலும் காய்கறிக் கொல்லைகளிலும் இது வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீருக்கு ஒரு வாசல். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற மலையில் அந்த வாசல்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சீரிஸ் வண்டியில் நான் சந்தேகப்படுகிற இடங்களைச் சொல்கிறேன். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு காற்று மூடிகள். அவற்றின் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். கண்ணாடிச் சட்டமும் அதற்குக் கீழேயுள்ள இரும்புத் தடுப்பும் சேரும் கோடு. வைப்பர் தண்டுகள் வெளியே வரும் துளைகள். பிறகு, கதவின் தள்ளு கண்ணாடி ஓடும் கால்வாய். நம் மலையில் அந்தக் கால்வாயில் பச்சைப் பாசி மெத்தையாக வளர்ந்துவிடும். வடிதுளை அடைபட்டு, தண்ணீர் நிரம்பி உள்பக்கமாக வழியும். ஒரு பழைய பல் துலக்கி போதும், காசு செலவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கூரையும் கண்ணாடிச் சட்டமும் சேருமிடம். அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. என் வண்டி மூன்று மழைக்காலம் ஒழுகியது. வலது காலடியில் தண்ணீர், அதற்கு நேர் மேலே காற்று மூடி. ஆகவே மூடிதான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். ரப்பர் மாற்றினேன், நிற்கவில்லை. கீழே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அரை மணி நேரம் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வெளியில் தெரிந்த கோட்டிலெல்லாம் சிலிக்கானை இழுத்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தேன், அன்று மாலை மழை, மறுபடியும் குளம்.

விஷயம் பிடிபட எனக்குப் பல மாதம் ஆனது. பட்டறையின் தரை சமதளம். என் வீட்டு முற்றம் சரிவு. வண்டி மூக்கைக் கீழே வைத்துத்தான் நிற்கும். கூரையில் விழுகிற மழை முழுவதும் முன்பக்கமாக ஓடி, இரண்டு முன் மூலைகளில் முட்டி நிற்கும். வலது மூலையில் ரப்பர் பட்டை சுருங்கி ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. அங்கே புகுந்த தண்ணீர் கண்ணாடிச் சட்டத்தின் உள்ளே இறங்கி, டாஷ்போர்டுக்குப் பின்னால் போய், என் செருப்பில் சொட்டியது. ஒரு நாள் மழையில் வண்டியைத் திருப்பி, மூக்கை மேலே வைத்து நிறுத்தினேன். காலடி காய்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆகவே தங்கச்சி, உங்கள் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அதே சாய்வில் நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு இரண்டு பேர் தேவை. காலடியிலும் டாஷ்போர்டின் மீதும் பழைய பத்திரிகைத் தாளை விரியுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் உட்புறம் முகப்பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் நடந்த தடம் கோடாகத் தெரியும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியில் இருப்பவர் குழாய்த் தண்ணீரை மெதுவாக, கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும். முதலில் கதவின் அடி, பிறகு காற்று மூடி, பிறகு கண்ணாடி, கடைசியில்தான் கூரை. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்துவிடும், ஒன்றும் புரியாது. வேகமாகப் பீய்ச்சும் பம்ப் வேண்டாம். அது நல்ல ரப்பரிலும் தண்ணீரை ஏற்றிவிடும். குழாயில் ஒன்றும் தெரியாமல், ஈரச் சாலையில் ஓட்டினால் மட்டும் நனைகிறது என்றால், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் கீழிருந்து வருகிறது. மிதிகளின் அடி ரப்பரையும் கியர்பாக்ஸ் மூடியின் ஓரங்களையும் பாருங்கள்.

இனி சிலிக்கான். ஏற்கெனவே பூசியதை முழுவதும் சுரண்டி எடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை. வெளியே மெழுகினால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லை. அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கினால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளை மாவாக உதிரும், பெயிண்ட் கொப்புளிக்கும். எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு முழுவதும் இரும்பு. அதன் காலடி மூலைகள்தான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். பூச்சு எதுவும் உதவாது.

பழுதான ரப்பரைக் கழற்றி, இரண்டு பக்கமும் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, புது ரப்பர் வையுங்கள். தகடும் தகடும் சேருமிடத்தில் பியூட்டைல் பட்டை போதும். போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கினால் அலுமினியம் வளைந்து புது இடைவெளி உண்டாகும். கதவின் அடியிலுள்ள சின்னத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேறுவது அவற்றின் வழியாகத்தான்.

இத்தனையும் செய்தாலும் உங்கள் வண்டி புதுக் கார் மாதிரி ஆகிவிடாது. பெருமழையில் எங்கேயாவது ஒரு துளி வரத்தான் செய்யும். அது பரவாயில்லை. தேங்கக் கூடாது, அவ்வளவுதான்.

2016 ஜனவரி 29 அன்று சொலிஹல் ஆலையில் சீரிஸ் வண்டியின் வாரிசான பழைய டிஃபெண்டரில் கடைசி வண்டி வரிசையைவிட்டு இறங்கியது. இனி அந்த உடம்பில் ஒரு வண்டி அங்கிருந்து வரப்போவதில்லை. தாத்தா தேயிலை மேட்டுப் பாதைகளில் ஓட்டிய வண்டியைக் காலடிக் குளத்துக்காகக் கைவிட வேண்டாம். அக்டோபரும் நவம்பரும்தான் நமக்குக் கடும் மழை. அதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். கிளட்ச், பிரேக் மிதிகளை மட்டும் இன்றைக்கே பார்த்துவிட்டு, என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தானா ராத்தாவிலிருந்து உங்கள் அண்ணன்