பந்தும் பாடநூலும்: நாதியா நதீம்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

"விளையாட்டா, படிப்பா?" என்பது பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வியாகும். ஒன்பதாம் வகுப்பு வரை ஆடுகளத்தில் முன்னிற்கும் மாணவியர் பலர், பத்தாம் வகுப்பில் நுழைந்ததும் விளையாட்டை மூட்டை கட்டி வைத்துவிடுகின்றனர். "இரண்டு தோணியில் கால் வைக்காதே" என்று பெரியோர் சொல்வது நம்மீது கொண்ட அன்பினால்தான். ஆயினும் இரண்டு தோணியிலும் கால் வைத்து அக்கரை சேர்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை அறிந்துகொண்டு, அதன் பிறகு அக்கேள்விக்கு விடை காண்பது நன்று. அவர் பெயர் நாதியா நதீம். ஆப்கானிஸ்தானில் பிறந்தவர், டென்மார்க் நாட்டுக்காகக் கால்பந்து ஆடியவர், ஆறு நாடுகளின் கழகங்களில் இடம்பெற்றவர், மருத்துவப் பட்டமும் பெற்றவர். நிலப்படப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படித்தால் பயன் மிகும்.

பிறப்பும் இளமையும்

ஆப்கானிஸ்தானின் மேற்கு எல்லையில், ஈரான் நாட்டை ஒட்டி, ஹெராத் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அங்கே 1988ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2ஆம் நாள் நாதியா பிறந்தார். அவருடைய தந்தையார் இராணுவத்தில் தளபதியாக இருந்தவர். அவ்வீட்டில் ஐந்து பெண்மக்கள். ஐவரும் பெண்கள் என்று தந்தை மனம் சலிக்கவில்லை. பந்தை உதைக்கும் பழக்கத்தை நாதியா அவரிடமிருந்தே பெற்றார்.

1996ஆம் ஆண்டில் தாலிபான்கள் தலைநகரான காபூலைக் கைப்பற்றினர். பெண்களுக்கான பள்ளிகள் மூடப்பட்டன. ஆண் துணையின்றிப் பெண்கள் வெளியே செல்லலாகாது என்றும், வேலைக்குப் போகலாகாது என்றும் ஆணையிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நாதியாவின் தந்தையைத் தாலிபான்கள் கொன்றனர். ஆண் துணையின்றி வெளியே செல்லக்கூடாத நாட்டில், தாயும் ஐந்து பெண்மக்களும் மட்டுமே உள்ள வீட்டின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடைக்குச் செல்லவும் வழியில்லை. பள்ளிக்குச் செல்லவும் வழியில்லை.

ஊர் விட்டு ஊர்

தாயார் ஹமிதா துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். உள்ள பொருள்களை விற்று, மக்களுடன் எல்லை கடந்து பாகிஸ்தானுக்குச் சென்றார். அங்கிருந்து போலிக் கடவுச்சீட்டுகளுடன் இத்தாலிக்கு விமானப் பயணம். பின்னர் ஒரு பார வண்டியின் பின்புறத்தில் மறைந்திருந்து பல நாடுகளைக் கடந்தனர். இலண்டன் மாநகருக்குச் செல்வதாகவே அவர்கள் நம்பியிருந்தனர். வண்டி நின்ற இடத்தில் இறங்கி, வழியில் வந்தவரிடம் கேட்டபோதுதான், தாங்கள் வந்திருப்பது டென்மார்க் என்று தெரிந்தது.

போலிக் கடவுச்சீட்டில் பயணம் செய்வது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கத் தக்க கேள்விதான். ஆனால் உண்மையான கடவுச்சீட்டை யாரிடம் கேட்டுப் பெறுவது? கணவரைக் கொன்ற அரசிடமா? தீப்பற்றிய வீட்டிலிருந்து குழந்தைகளை வெளியே கொண்டுவரும் தாய், வாசற்படி வழியாகத்தான் வருவேன் என்று காத்திருக்க மாட்டாள். சன்னலே வழியானால் சன்னல் வழியாகவே இறக்குவாள்.

முகாமும் ஆடுகளமும்

டென்மார்க்கில் அகதிகள் முகாம் ஒன்றில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அதன் அருகே ஒரு கால்பந்துக் கழகத்தின் ஆடுகளம் இருந்தது. அங்கே சிறுமியர் சீருடை அணிந்து பயிற்சி பெறுவதை நாதியா நாள்தோறும் கண்டார். பெண்கள் பலர் சேர்ந்து வெட்டவெளியில் பந்தாடும் காட்சி அவருக்குப் புதிது. ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பயிற்சியாளரிடம் சென்று, தானும் ஆடலாமா என்று கேட்டார். மொழி சரிவரத் தெரியாத அந்த அகதிச் சிறுமியை அவர் தள்ளிவிடவில்லை. ஆடச் சொன்னார்.

தோழியரே, இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாதியாவின் புகழுக்கு அவருடைய உழைப்பு மட்டும் காரணமன்று. கேட்டவுடன் கதவைத் திறந்த ஒரு பெரியவரும் காரணம். திறமை விதை போன்றது என்றால், அனுமதி மண் போன்றது. மண்ணின்றி விதை முளைப்பதில்லை.

ஒரு விதியும் ஒரு விலக்கும்

ஆல்போர்க், விபோர்க், ஆர்ஹுஸ் ஆகிய ஊர்களின் கழகங்களில் ஆடி நாதியா முன்னேறினார். அவர் முன்கள வீராங்கனை. அதாவது எதிரணியின் கோலை நோக்கிப் பந்தைக் கொண்டு சென்று அடிக்கும் பொறுப்புடையவர். பதினெட்டு வயது நிரம்பியபின் டென்மார்க் குடியுரிமை கிடைத்தது. ஆயினும் நாட்டின் அணியில் ஆட ஒரு தடை எழுந்தது. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் அன்றைய விதிப்படி, வேறு நாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர், பதினெட்டு வயதுக்குப் பிறகு ஐந்தாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டியிருந்தது. பணம் கொடுத்து ஆட்டக்காரர்களைப் பிற நாடுகளிலிருந்து இழுத்துக்கொள்வதைத் தடுக்கவே அவ்விதி இருந்தது. நாதியாவோ ஆடுவதற்காக நாடு மாறியவர் அல்லர். உயிர் பிழைப்பதற்காக மாறியவர். டென்மார்க் கால்பந்துச் சங்கம் இதை எடுத்துரைத்து முறையிட்டது. 2008இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2009இல் அவர் நாட்டின் சீருடையை அணிந்தார். பிறகு நூறு ஆட்டங்களுக்கு மேல் அச்சீருடையில் ஆடினார்.

கழகம் விட்டுக் கழகம்

இனி நிலப்படத்தில் விரலை வைத்துத் தொடருங்கள். 2012 முதல் டென்மார்க்கின் வடக்கே உள்ள ஃபோர்டுனா யோரிங் கழகம். 2014இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவின் ஸ்கை ப்ளூ கழகம். அங்கே ஆறே ஆட்டங்களில் ஏழு கோல்கள். 2016இல் அதே நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள போர்ட்லண்டு தார்ன்ஸ். 2017இல் அக்கழகம் அமெரிக்க வாகையர் பட்டத்தை வென்றது. 2018இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி. முதல் ஆட்டத்திலேயே ஒரு கோல். 2019இல் பிரான்சின் பாரிஸ் சான்-ஜெர்மன். பிரெஞ்சு மகளிர் லீக்கில் லியோன் அணி தொடர்ந்து 14 முறை பட்டம் வென்றிருந்தது. 2020-21 பருவத்தில் அத்தொடரை முறித்துப் பாரிஸ் அணி பட்டம் பெற்றபோது நாதியா அவ்வணியில் இருந்தார். 2021இல் மீண்டும் அமெரிக்கா, லூயிவில் நகர். 2024இல் இத்தாலியின் மிலான். 2025இல் சுவீடனின் ஹம்மார்பி. சிறுமியாகப் போலிக் கடவுச்சீட்டுடன் வந்திறங்கிய இத்தாலிக்கு, பெயர்பெற்ற வீராங்கனையாக அவர் திரும்பிச் சென்றது எண்ணி எண்ணி வியக்கத் தக்கது.

ஒவ்வொரு நாட்டிலும் புது மொழி, புது உணவு, புதுத் தோழியர். ஒன்பது மொழிகள் வரை அவர் பேசுவார் என்பார்கள். அவற்றுள் உருதுவும் இந்தியும் அடங்கும்.

2017ஆம் ஆண்டு

அவ்வாண்டில் ஐரோப்பிய மகளிர் கோப்பைப் போட்டி நெதர்லாந்தில் நடைபெற்றது. 1995 முதல் தொடர்ந்து ஆறு முறை கோப்பையைக் கைக்கொண்டிருந்த செருமனியைக் காலிறுதியில் டென்மார்க் 2-1 என வென்றது. முதல் கோலைச் செருமனியே போட்டது. அதனைச் சமன் செய்தவர் நாதியா. இறுதி ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே பெனால்டி வாய்ப்பில் கோலடித்தார். எனினும் நெதர்லாந்து 4-2 என வென்றது. டென்மார்க்குக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

நாடே பாராட்டியது. ஆனால் சில வாரங்களில் வேறொரு செய்தி வந்தது. தங்களுக்கு முறையான ஊதிய ஒப்பந்தம் வேண்டும் என்று மகளிர் அணியினர் உறுதியாக நின்றனர். பேச்சு முடியாததால், அக்டோபரில் சுவீடனுடன் நடக்கவிருந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் நடைபெறவில்லை. சுவீடன் 3-0 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் உடன்பாடு ஏற்பட்டது. கைதட்டல் மட்டும் வயிற்றை நிரப்பாது என்பதை வீராங்கனையர் அறிந்திருந்தனர். பாராட்டு வேறு, நியாயம் வேறு அல்லவா?

மருத்துவப் படிப்பு

இவ்வளவு ஓட்டத்துக்கும் இடையே ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவம் பயின்றார். சிதைந்த உறுப்புகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். 2021 செப்டம்பரில் முழங்காலின் எலும்புகளைப் பிணைத்துப் பிடிக்கும் நாண் அறுந்தது. இக்காயம் ஆற ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பலருடைய ஆட்ட வாழ்வு இதனால் முடிந்துவிடுவதும் உண்டு. ஆட இயலாத அக்காலத்தில், 2022 சனவரியில், மருத்துவத் தேர்வில் தேறினார். அதே ஆண்டு கோடையில் நடந்த ஐரோப்பியக் கோப்பைக்கு அணியிலும் திரும்பினார்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம் பெறும்போது அவருக்கு வயது 34. உடன் படித்தோர் பலர் அதற்கு முன்பே மருத்துவமனைகளில் பணியாற்றத் தொடங்கியிருப்பர். இரண்டையும் சுமப்பவர் மெதுவாகத்தான் நடக்க முடியும். காலம் கூடிற்று, கையில் வந்த பட்டத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆடுகளம் கைவிட்டபோது பாடநூல் தாங்கியது என்பதே இதிலுள்ள செய்தி.

நாம் சிந்திக்க வேண்டியது

2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சிறுமியர் மற்றும் பெண்கள் கல்விக்கான தன் தூதராக நாதியாவை ஏற்றது. இரண்டே ஆண்டுகளில், 2021 ஆகஸ்டில், தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தனர். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்றாயிற்று. 2022 மார்ச்சில் பள்ளி திறக்கும் என்று நம்பி வந்த மாணவியர், அன்றே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்கு அடைபட்டது. ஹெராத் நகரில் நம் வயதுடைய ஒருத்திக்குப் "படிப்பா, விளையாட்டா?" என்ற கேள்வியே இல்லை. இரண்டும் மறுக்கப்பட்டுவிட்டன.

நமக்கோ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றை நாமே தள்ளிவிடுவது ஏன்? தேர்வுக்குப் படிக்க நேரம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் மாலையில் முக்கால் மணி நேரம் ஓடியாடிய உடல், இரவில் சோர்வின்றிப் புத்தகத்தின் முன் அமரும். அந்த முக்கால் மணியை மிச்சம் பிடித்தவர் எல்லாரும் அதைப் படிப்பில்தான் செலவிடுகின்றனர் என்று எவரும் உறுதி கூற இயலாது.

முடிவுரை

நம்மில் எல்லாரும் நாதியா ஆகப்போவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் முகாமின் அருகே நின்று, "நானும் ஆடலாமா?" என்று கேட்ட துணிவு ஒவ்வொருவருக்கும் வேண்டும். அன்புள்ள பெற்றோர்களே, மதிப்புக்குரிய அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே! அக்கேள்வியை உங்களிடம் வந்து கேட்கும் பிள்ளை பத்தாம் வகுப்பில் படிப்பவளாகவும் இருக்கலாம். அந்தப் பயிற்சியாளர் சொன்ன விடையையே நீங்களும் சொல்லுங்கள். படிக்க வேண்டிய கடமையை நாங்கள் மறக்க மாட்டோம்.