இல்லும் மகவும்

இல்லறம் என்னும் சொல்லில் இல் முன்னே நிற்கிறது. கொரிய மொழியிலும், பெண் மணம் புரிவதைக் குறிக்கும் வழக்குத்தொடர் ‘புக்ககம் போதல்’ என்றே பொருள்படும். புகுவதற்கு வீடே கிடைக்காவிட்டால் என்ன நேரும்? இன்றைய தென்கொரியாவில் அதனைக் காண்கிறோம்.

அந்நாட்டில் ‘ஜியோன்சே’ என்றொரு குடியிருப்பு முறை உண்டு. குடிபுகுவோர் மாத வாடகை தருவதில்லை. பெரும்பாலும் வீட்டு விலையில் பாதிக்கு மேற்பட்ட தொகையை முன்பணமாகக் கொடுத்து, ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பப் பெறுவர். மதுரைப் பக்கம் ‘ஒத்தி’ என்பார்களே, ஏறத்தாழ அதுதான். வாடகை இல்லை என மகிழ இயலாது. சியோல் நகரில் வீட்டு விலை ஏற ஏற முன்பணமும் ஏறியது. பெற்றோர் உதவியோ வங்கிக் கடனோ இன்றி அத்தொகையைத் திரட்ட இளைஞர்க்குப் பல ஆண்டுகள் ஆகும். மணமாகாமல் மகப்பேறு அங்கு அரிது. ஆகவே வீடு தள்ளிப்போனால் மணம் தள்ளிப்போகிறது. மணம் தள்ளிப்போனால் மகப்பேறும் தள்ளிப்போகிறது. இரண்டாம் குழந்தைக்குரிய வயது பலருக்குக் கடந்தே விடுகிறது.

மக்கள்தொகை குன்றாதிருக்கப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2023இல் தென்கொரியாவின் அளவு 0.72, சியோலில் 0.55. அதே ஆண்டில் செஜோங் நகரில் 0.97. 2012இல் தோற்றுவிக்கப்பட்ட நிர்வாக நகர் அது. அங்குப் பணிபுரிய வந்த அரசு ஊழியர்க்குப் புதிய அடுக்ககங்களில் ஒதுக்கீடு அளிக்கப்பட்டது, பணியும் நிலையானது. எனினும் அங்கும் அவ்வாண்டில் அவ்வெண் ஒன்றைத் தொடவில்லை. கல்விச் செலவும், நீண்ட பணிநேரமும், குழந்தை வளர்ப்பின் சுமை தாய்மீதே விழுவதும் வீடு கிடைத்த பின்னும் எஞ்சுகின்றன.