மேலாண்மைக் கோட்பாடுகளின் வரலாறு: முதல்முறை படிப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பி.காம்., பி.பி.ஏ. மாணவரிடம் மேலாண்மைக் கோட்பாடு என்றதும் பெயர்கள் வரிசையாக வந்து விழும்: டெய்லர், ஃபயோல், வெபர், மேயோ, மாஸ்லோ. யாருக்கு எத்தனை கொள்கை என்பதும் மனப்பாடம். தேர்வுக்கு அது போதும்; வேலைக்குப் போனபின் போதாது. ஒவ்வொரு கோட்பாடும் ஏதோ ஓர் இடத்தில், யாருக்கோ வந்த தலைவலிக்குச் சொன்ன வைத்தியம். தலைவலி என்னவென்று தெரியாமல் வைத்தியத்தை மட்டும் படிப்பதால்தான் இந்தப் பாடம் பலருக்குச் சப்பென்று இருக்கிறது. சிக்கலிலிருந்து தொடங்கிப் படிக்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள்

எந்தக் கோட்பாட்டை எடுத்தாலும் முதலில் இவற்றைக் கேளுங்கள். எந்த வேலையைப் பார்த்து இது சொல்லப்பட்டது? அங்கே யாருக்கு என்ன சிக்கல்? மாற்றத்தால் வந்த ஆதாயம் யார் கைக்குப் போனது? மூன்றாவது கேள்வியைப் பாடநூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. நீங்கள் விடாமல் கேளுங்கள்.

பழக்கத்துக்கு இரண்டு முன்னோடிகளை எடுத்துக்கொள்ளலாம். 1776-ல் ஆடம் ஸ்மித் ஒரு குண்டூசிப் பட்டறையைப் பற்றி எழுதினார். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு செய்ததால் நாளைக்கு 48,000 ஊசிகள் வரை வந்தன என்றார். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை 1800-லிருந்து நடத்திய ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்காமல் பள்ளிக்கூடம் வைத்தார். ஸ்மித் வேலையைப் பார்த்தார், ஓவன் வேலை செய்பவரைப் பார்த்தார். பின்னால் வரும் எல்லாரையும் இந்த இரண்டு பார்வைகளில் ஏதோ ஒன்றின் பக்கம் வைத்துப் பார்க்க முடியும்.

படி 2: டெய்லரின் இரும்புக் கட்டிகளை எண்ணிப் பாருங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லஹேம் எஃகு ஆலை. அதன் களத்தில் வார்ப்பிரும்புக் கட்டிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒரு கட்டி 92 பவுண்டு, ஏறத்தாழ 42 கிலோ. அதைக் குனிந்து தூக்கி, சாய்ந்த பலகையில் ஏறி, ரயில் பெட்டியில் போட வேண்டும். ஓர் ஆள் சராசரியாக நாளைக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தார். 1899-ல் ஃபிரெடரிக் டெய்லரின் குழு கடிகாரத்தோடு வந்து கணக்குப் போட்டது: 47.5 டன் ஏற்ற முடியும்.

டன்னைக் கட்டியாக மாற்றினால் கணக்கின் பாரம் புரியும். முன்பு நாளைக்குச் சுமார் 300 கட்டிகள்; இப்போது 1,150-க்கும் மேல். எப்போது தூக்குவது, எப்போது உட்கார்வது என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்வார். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் கையில் சுமை இருக்கக் கூடாது என்பதும் டெய்லரின் கணக்குதான். ஓய்வையும் வேலையின் ஒரு பகுதியாகக் கணக்கில் சேர்த்தது அவருடைய பெரிய பங்களிப்பு. அதை மறைப்பது நியாயமில்லை.

கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலரானது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி உயர்வு சுமார் 60 சதவீதம். மூன்றாவது கேள்விக்கான பதில் இங்கே பளிச்சென்று தெரிகிறது. டெய்லர் தம் நூலில் ‘ஷ்மிட்’ என்று குறிப்பிடும் அந்தத் தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். டெய்லர் கதையை நிறையவே மெருகேற்றிச் சொன்னார் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பது டெய்லரின் தொடக்கக் குறை. அதற்கான காரணமும் அவருக்குத் தெரியும்: வேகம் காட்டினால் முதலாளி பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவார் என்ற பயம். அறிவியல் முறையில் அளந்தால் இருதரப்புக்கும் சண்டை வராது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்த அதே 1911-ல், வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் கடிகாரத்தைக் கண்டதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணையே நடத்தியது.

இதோடு ஃபோர்டையும் சேர்த்துப் படியுங்கள். 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தபின், ஒரு காரைப் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் அந்த வேலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. வந்த வேகத்தில் போனார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலியை 5 டாலராக ஃபோர்டு உயர்த்தியதற்கு அது முக்கியக் காரணம்.

படி 3: மேலிருந்து பார்த்தவர்களைச் சுருக்கமாகப் படியுங்கள்

ஹென்றி ஃபயோல் ஒரு பிரெஞ்சுச் சுரங்கக் கம்பெனியின் தலைவர். 1888-ல் பொறுப்பேற்றபோது கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது. அதை மீட்டு 1918 வரை நடத்தினார். 1916-ல் அவர் எழுதிய 14 கொள்கைகள் அந்த முப்பது வருட அனுபவத்தின் சாரம். ஒருவருக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. டெய்லரோ ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர்கள் வரை வைக்கலாம் என்றவர். பாடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் ஒரே கட்சி என்று நினைத்துவிடாதீர்கள்.

மாக்ஸ் வெபரைப் புரிந்துகொள்ள ஒரு தாலுகா அலுவலகம் போதும்: பதவிக்குத் தகுதி, எழுத்தில் விதி, கோப்பு, ஆளைப் பார்க்காத நடைமுறை. பரம்பரை உரிமையாலும் தயவாலும் நடந்த நிர்வாகத்துக்கு மாற்றாகப் பார்த்தால்தான் அவர் விவரித்த இந்த அமைப்பின் அருமை விளங்கும்.

படி 4: ஹாத்தார்ன் ஆய்வை முழுசாகப் படியுங்கள்

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலை. தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடம். 1924-ல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று சோதித்தார்கள். கூடியது. வெளிச்சத்தைக் குறைத்தபோதும் குறையவில்லை. குழப்பம் தீர, 1927-ல் ரிலே பூட்டும் பெண்கள் ஐவரைத் தனி அறையில் வைத்து இடைவேளை, வேலை நேரம் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. மனிதரை மனிதராகக் கவனித்தால் வேலை சிறக்கும் என்று எல்டன் மேயோவும் அவருடன் இருந்தவர்களும் முடிவு சொன்னார்கள்.

வகுப்பில் கதை இங்கே முடிந்துவிடும். அந்த ஐவரில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 தொடக்கத்தில் மாற்றப்பட்டதை யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய ஊக்கக் கூலி அந்தச் சிறு குழுவின் உற்பத்தியோடு கட்டப்பட்டதும் விடுபட்டுப்போகும். உற்பத்தி ஏறியதில் அன்புக்கு எவ்வளவு பங்கு, கூலிக்கு எவ்வளவு, ஆள் மாற்றத்துக்கு எவ்வளவு? இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது 1931-32-ல் வேறோர் அறையில் நடந்தது. வயரிங் வேலை செய்த 14 ஆண்களை ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கவனித்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. யாராவது அளவு மீறி வேகம் காட்டினால் பக்கத்து ஆள் வந்து அவர் புஜத்தில் ஒரு குத்து விடுவார். ரேட் குறைந்துவிடும், ஆள் குறைந்துவிடும் என்ற அதே பழைய பயம்தான். டெய்லரின் கடிகாரத்தால் போகாத பயம், மேயோவின் பரிவாலும் போகவில்லை.

படி 5: மேரி பார்க்கர் ஃபாலெட்டைத் தவறவிடாதீர்கள்

ஒரு நூலகத்தின் சிறிய அறை. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்; ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, இவர் மேல் வாடைக்காற்று நேராக அடிக்கவில்லை. பாதி திறந்து பாதி மூடியிருந்தால் இருவருக்கும் குறைதான் மிஞ்சியிருக்கும். உத்தரவு ஓர் ஆளிடமிருந்து வரக் கூடாது, நிலைமையிலிருந்து வர வேண்டும் என்று 1920-களிலேயே பேசியவர் இவர். பல பாடத்திட்டங்களில் இவருக்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை. என் கணிப்பில் இந்த வரிசையில் அதிகம் படிக்கப்பட வேண்டியவர் இவரே.

படி 6: டெய்லர் தேடிய ‘ஒரே சிறந்த வழி’ உடைந்த இடம்

மாஸ்லோவின் தேவைப் படிநிலை (1943), மக்கிரகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள் (1960) உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஜோன் உட்வர்டிடம் வாருங்கள். இங்கிலாந்தின் தெற்கு எசெக்ஸில் சுமார் 100 நிறுவனங்களை ஆராய்ந்த அவர், ஒன்றிரண்டாகச் செய்யும் பட்டறைக்கும் மொத்தமாகச் செய்யும் ஆலைக்கும் ஒரே நிர்வாக அமைப்பு பொருந்தாது என்று காட்டினார். சூழல்சார் அணுகுமுறை இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

இந்தியாவிலும் ஒரு சோதனை நடந்தது. 1953-ல் அகமதாபாத் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அங்கே வந்தார். ஆளுக்கொரு துண்டு வேலை என்றிருந்ததை மாற்றி, ஒரு குழுவுக்கு ஒரு தொகுதி தறிகள் என்று பொறுப்பைக் கொடுக்கலாம் என்றார். விவரங்களைத் தொழிலாளர்களே முன்னின்று முடிவு செய்தார்கள். உற்பத்தி ஏறியது, துணிச் சேதம் குறைந்தது.

படி 7: ஜப்பான் வழியாகப் பாடிக்கு

எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானில் புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் பரிசு ஏற்பட்டது. டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ வளர்த்த முறையில், குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் லைனே நிற்கும். முன்பு மேற்பார்வையாளரிடம் மட்டும் இருந்த அந்த அதிகாரம் தொழிலாளியின் கைக்கு வந்தது. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு பெற்றது; இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

படி 8: அடுத்து என்ன படிப்பது?

உணவு டெலிவரி செய்பவரின் கைப்பேசியில் ஓடும் நிமிடக் கணக்கு, டெய்லரின் கடிகாரம்தான். பெத்லஹேமில் கேட்ட அதே மூன்று கேள்விகளை அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

பிறகு டெய்லரின் 1911 நூலையே எடுங்கள். சிறிய நூல், காப்புரிமைக் காலம் முடிந்தது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஷ்மிட் வரும் பக்கங்களை முதலில் படியுங்கள். அடுத்து ஃபாலெட்டின் உரைகள். வழிகாட்டி நூல்களும் வினா-விடைகளும் அதற்குப் பிறகு வரட்டும்.