அக்கா மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகணுமா? விசா பற்றி ஒரு பாடம்



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில், உறுப்பினர் ஒருவர் 40,000 ரூபாய் உள்கடன் கேட்டார். எதுக்குன்னு விசாரித்தோம். "அக்கா மகள் சிங்கப்பூர்ல முழுகாம இருக்கா. எங்க அக்கா உசுரோட இல்ல. சித்தி நான்தான் போய்ப் பார்க்கணும். விசாவுக்கு ஏஜெண்ட் இவ்வளவு கேட்கிறார். அம்மான்னு எழுதிட்டா சீக்கிரம் கிடைக்குமாம்" என்றார்.

நாங்கள் உடனே தீர்மானம் எழுதவில்லை. அந்த மகளிடமே போனில் பேசினோம். விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலில் பாஸ்போர்ட்

விசா கேட்கும் முன் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களுக்கான சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். அது 10 வருடம் செல்லும். கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்க வேண்டும். பல ஊர்களில் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது.

நமக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. விரித்து முழுப் பெயராகத்தான் எழுத வேண்டும். விசாவிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கணும். சிங்கப்பூரில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாதமாவது ஆயுள் இருக்கணும்.

விசாவை யார் கேட்பது?

சிங்கப்பூர் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள, 21 வயது நிறைந்த உறவினர் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் நமக்காக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். நம் பணத்தில் சுமார் 2,000 ரூபாய். நாம் அனுப்ப வேண்டியது பாஸ்போர்ட்டின் நகலும், வெள்ளைப் பின்னணியில் புதிதாக எடுத்த போட்டோவும். பயண நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிப்பது வழக்கம்.

அப்படி உறவினர் இல்லையென்றால், சிங்கப்பூர் தூதரகம் அங்கீகரித்த ஏஜெண்ட் மூலம் போகலாம். அவர்கள் சேவைக் கட்டணம் தனியாக வாங்குவார்கள். எவ்வளவு என்று முன்பே கேட்டு, ரசீது வாங்குங்கள்.

விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. "நிச்சயம் வாங்கித் தர்றேன்" என்று எந்த ஏஜெண்டும் சொல்ல முடியாது. முடிவு எடுப்பது அந்த நாட்டு அரசு. ஆகவே விசா கையில் வருமுன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

உறவை உள்ளபடி சொல்லுங்கள்

சித்தியை அம்மா என்று எழுதுவது பொய்த் தகவல். மகளின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் வேறாக இருக்குமே! பொய் சொல்லி விசா கேட்பது அங்கே குற்றம். நமக்காக விண்ணப்பித்த பிள்ளைக்கும் அது தலைவலி. "அம்மாவின் தங்கை, பிரசவ நேரத்தில் பார்க்க வருகிறார்" என்பதே போதும். சித்தி, அத்தை, பெரியம்மா யாராக இருந்தாலும் உறவினரைப் பார்க்கப் போகலாம். மறைக்க என்ன இருக்கு?

போய் இறங்கியதும்

விசா இருந்தாலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்குள்ள குடிநுழைவு அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள். அந்த அனுமதி ஈ-மெயிலில் வரும். அதனால் மகளின் ஈ-மெயில் முகவரியைக் கொடுங்கள். புறப்படும் முன், இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள், வருகை அட்டையைக் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். அரசு இணையதளத்தில் இது இலவசம். இதற்குப் பணம் கேட்டால் ஏமாற்று.

கொடுத்த நாளுக்கு மேல் ஒரு நாளும் தங்கக் கூடாது. கூடுதல் நாள் தேவைப்பட்டால், நாள் முடியும் முன்பே மகள் மூலம் நீட்டிப்புக் கேளுங்கள். வெற்றிலை போடும் சகோதரிகள் கவனிக்க: புகையிலை கொண்டு போகக் கூடாது. கசகசாவும் வேண்டாம்.

இது வேலைக்கான விசா அல்ல

"விசிட் விசாவில் போ, அங்கே போய் வீட்டு வேலை பிடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்கு வேறு அனுமதி உண்டு. விசிட் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்தால் நாமே குற்றவாளி ஆவோம். சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் தைரியமாய்ப் புகார் சொல்ல முடியாமல் தவிப்போம்.

அந்த உறுப்பினருக்கு மகளே விண்ணப்பித்தாள். விசா வந்தது. அதன் பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் கடன் எழுதினோம், டிக்கெட்டுக்கு மட்டும். ஏஜெண்டுக்குப் போக இருந்த பணம் குழுவிலேயே இருக்கிறது. சித்தியும் பேரனைக் கையில் ஏந்திவிட்டு, சொன்ன நாளில் ஊர் திரும்பினார்.

குழுவில் பேசுவோம்

1. நம் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா?
2. வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடன் கேட்டால் குழு என்னென்ன விசாரிக்க வேண்டும்?
3. நம் ஊரில் விசிட் விசாவில் வேலைக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்களா? என்ன செய்யலாம்?