கைரோபிராக்டிக்: முதுகுவலி, கழுத்துவலிக்குக் கைவழிச் சிகிச்சை – முக்கியக் குறிப்புகள்

தோற்றம்

• 1895 செப்டம்பர் 18, அமெரிக்காவின் அயோவா மாநிலம், டாவன்போர்ட் நகரம். கனடாவில் பிறந்த டேனியல் டேவிட் பால்மர், காது மந்தமான துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டின் முள்ளெலும்பு ஒன்றைக் கையால் அழுத்தித் தள்ளினார். லில்லார்டுக்குச் செவித்திறன் திரும்பியதாகப் பால்மர் அறிவித்தார். இத்துறை அன்று தொடங்கியதாகக் கணக்கு.

• பெயர் கிரேக்கம்: 'கைர்' என்றால் கை, 'பிராக்சிஸ்' என்றால் செய்தல். இப்பெயரைச் சொன்னவர் பாதிரியார் சாமுவேல் வீட். பால்மரின் பள்ளி 1897-ல் தொடங்கியது. மகன் பி.ஜே. பால்மர் அதைப் பெரிதாக்கினார்.

• குழப்பிக்கொள்ளக் கூடாதது: ஆஸ்டியோபதியின் நிறுவனர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1874). இரண்டும் கைவழிச் சிகிச்சைகள், இரண்டும் அமெரிக்காவில் பிறந்தவை.

• உரிமச் சட்டம்: அமெரிக்க மாநிலங்களில் முதலில் கன்சாஸ் (1913), கடைசியாக லூசியானா (1974). 1976-ல் தொடுக்கப்பட்ட வில்க் வழக்கில், அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்துறையினரைப் புறக்கணித்தது போட்டிச் சட்டத்துக்கு மாறானது என 1987-ல் தீர்ப்பானது. அது தொழில் உரிமை பற்றிய தீர்ப்பு. சிகிச்சை பலிக்கிறது என்பதற்கு அதைச் சான்றாக எழுதாதீர்கள்.

உடற்கூறு

• முதுகுத்தண்டு வேறு, தண்டுவடம் வேறு. முன்னது எலும்புத் தொடர். பின்னது அதற்குள் ஓடும் நரம்பு வடம். கைரோபிராக்டர் கை வைப்பது எலும்புத் தொடரின் மூட்டுகளில்.

• முள்ளெலும்புகள்: கழுத்து 7, மார்பு 12, இடுப்பு 5, திரிகம் 5, வால் 4. ஆக 33. திரிகமும் வாலும் இணைந்துவிடுவதால் பெரியவர்களுக்கு 26. தண்டுவட நரம்புகள் 31 இணை.

எப்படி உதவுகிறது

• மூட்டை அதன் அசைவு எல்லைவரை கொண்டுபோய், அங்கிருந்து மிகக் குறைந்த தூரத்துக்கு மிக வேகமாக ஒரு தள்ளு. செய்முறை இவ்வளவுதான்.

• அப்போது கேட்கும் 'டக்' ஒலி எலும்பு இடம் மாறிய ஒலி என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது விரலில் நெட்டி முறிக்கும்போது வரும் அதே ஒலி. மூட்டுப் பரப்புகள் சட்டென விலகும்போது மூட்டுத் திரவத்துக்குள் வாயுக்குழி உண்டாகிறது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டில் இதை எம்.ஆர்.ஐ. மூலம் நேரடியாகப் படம்பிடித்தனர். ஒலி கேட்கவில்லை என்பதற்காகச் சிகிச்சை தவறிவிட்டதாக ஆகாது.

• வலி குறையச் சொல்லப்படும் காரணங்கள்: மூட்டு உறையும் சுற்றுத் தசைகளும் திடீரென இழுபடுவதால் இறுக்கம் தளர்கிறது, அங்கிருந்து போகும் நரம்புச் செய்திகள் வலி உணர்வைச் சற்று மட்டுப்படுத்துகின்றன.

• பெரும்பாலான நோய்களுக்கு முள்ளெலும்பு விலகலே வேர் என்றார் பால்மர். இந்தச் 'சப்லக்சேஷன்' கொள்கைக்கு அறிவியல் சான்று இல்லை. முதுகுவலிக்குப் பயன் உண்டு என்பது ஒன்று, ஆஸ்துமா தீரும் என்பது முற்றிலும் வேறு. இந்தப் பாடத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த வேறுபாட்டைத்தான்.

சான்றுகள்

• புதிதாக வந்த கீழ்முதுகு வலி: 2017-ல் 'ஜாமா' இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, ஆறு வாரம் வரை 100-க்குச் சுமார் 10 புள்ளி அளவுக்கு வலி குறைகிறது. மிதமான பயன், ஆனால் உண்மையான பயன்.

• நாள்பட்ட வலி: 2019-ல் 'பி.எம்.ஜே.' தொகுப்பாய்வு, 47 ஆய்வுகள். பரிந்துரைக்கப்படும் மற்றச் சிகிச்சைகளுக்கு இது ஏறத்தாழச் சமம். அவற்றைவிட மேல் என்று சொல்ல இடமில்லை.

• கழுத்துவலி: 2012-ல் அமெரிக்காவில் 272 பேரிடம் நடந்த 12 வாரச் சிகிச்சை ஆய்வு. மாத்திரையைவிடக் கைவழிச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. ஆனால் ஓரிரு அமர்வுகளில் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்த கழுத்துப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நாள் முழுதும் குனிந்து படிக்கும் நமக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. பாடத்துக்கு நடுவே எழுந்து கழுத்தை மெல்ல அசைக்கக் கட்டணம் கிடையாது.

• உலக சுகாதார நிறுவனம், டிசம்பர் 2023: நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலில் இச்சிகிச்சைக்கும் நிபந்தனையுடன் இடம் உண்டு. இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், ஓபியாய்டு மருந்துகள் வழக்கமாகத் தரப்பட வேண்டாம் என்கிறது. 2020-ல் உலகில் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டோர் 61.9 கோடி.

யாருக்குக் கூடாது

• எலும்புத் தேய்வு முற்றியவர்கள், எலும்பு முறிவு, முதுகெலும்பில் காசநோய் அல்லது புற்றுநோய் உள்ளவர்கள். முதுகுவலியோடு காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

• சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பதும் தொடையிடுக்கில் மரத்துப்போவதும் குதிரைவால் நரம்புத் தொகுதி நசுங்குவதன் அறிகுறிகள். உடனடி அறுவை தேவைப்படலாம்.

• ஓரிரு நாள் உடல்வலி, விறைப்பு வருவது சாதாரணம். அரிதானது, ஆனால் அஞ்ச வேண்டியது கழுத்துத் தமனிக் கிழிசல். முள்ளெலும்புத் தமனி கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியே மேலேறி மூளைக்குப் போகிறது. அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். கழுத்தில் கை வைத்த பிறகு இதுவரை அறியாத கடுந்தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.