பிட்டில் கலந்த கோதுமை

படுவான்கரை வயல்களின் நெல்லையும், வாவி தரும் மீனையும் இறாலையும் நண்டையும், எருமைத் தயிரையும் தலைமுறை தலைமுறையாக உண்டு வாழ்ந்த மட்டக்களப்பு மக்களிடையே, குளூட்டன் நீக்கிய ஆகாரம் என்பது அந்நிய தேசத்திலிருந்து பொட்டலத்தில் வரவேண்டிய விலையுயர்ந்த வஸ்து என்ற எண்ணம் பரவிவருவது வருந்தத்தக்கது. குளூட்டன் என்பது கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பிசைந்த மா இழுபடுவது அதனாலேதான். அரிசியிலோ குரக்கனிலோ சோளனிலோ மரவள்ளியிலோ பயறிலோ அது இயல்பாகவே இல்லை.

ஆயினும், "நாங்கள் சோறு உண்பவர்கள், எங்களுக்கு இந்தக் கவலை எதற்கு?" என்று இருந்துவிடுவதும் சரியன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபின் இலங்கையின் பங்கீட்டு உணவில் கோதுமை மா முக்கிய இடம் பெற்றது. 1980இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் அது நம் அடுக்களைகளில் நிலைபெற்றே விட்டது. இன்று பிட்டிலும் இடியப்பத்திலும் அரிசி மாவோடு அவித்த கோதுமை மா கலக்கிறது. தோசை மாவிலும் பலர் அதைச் சேர்க்கிறார்கள். அவித்தாலும் வறுத்தாலும் மாவின் தோஷம் நீங்கிவிடும் என்று நம்புவோர் உளர். நம் அடுப்பின் வெப்பம் குளூட்டனை அழிப்பதில்லை. கடைப் பெருங்காயத் தூளிலும் சோயா சோஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. மோல்ட் பானங்களில் வாற்கோதுமை உண்டு. ரொட்டியைக் கொத்திய அதே கல்லில் கொத்தித் தரும் இடியப்பமும், அது தனி அரிசி மாவினால் ஆனதாயினும், குளூட்டனை விலக்கவேண்டிய நோயாளிக்கு ஆகாது.

இத்தனை கடுமை யாருக்கு? சீலியாக் நோய் உடையவருக்கு. அவர் உடலின் எதிர்ப்புச் சக்தி குளூட்டன் காரணமாகத் தன் சிறுகுடலையே தாக்கி, சத்துகளைக் கிரகிக்கும் நுண்ணிய விரலிகளைச் சிதைக்கிறது. வயிற்றோட்டம், இரத்தச்சோகை, எலும்புத் தேய்வு, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை அதன் விளைவுகள். கோதுமையே காரணம் என்பதை 1950இல் தம் ஆய்வேட்டில் நிலைநாட்டியவர் ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று, கோதுமை உண்ணும் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், சோறு உண்ணும் தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவராகவும் இதைக் கண்டது. இதற்கு ஏதுவான மரபணுவோ இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. கோதுமைக்கு மாறிவரும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

குளூட்டனை நீக்கும் பத்தியத்தில் "கொஞ்சம் தின்றால் என்ன?" என்ற கேள்விக்கு இடமில்லை. குளூட்டன் அற்றது என்று குறிக்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது என்பது சர்வதேச நியமம். ஒரு பாண் துண்டிலோ கிராம் கணக்கில் இருக்கிறது.

நோயற்றவர் கோதுமையை விட்டால் உடல் மெலியும், ஆரோக்கியம் பெருகும் என்பது வேறொரு மயக்கம். மாச்சத்தும் சீனியும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பிஸ்கட், குளூட்டன் அற்றது என்ற பெயர் தாங்குவதால் மட்டும் நல்லுணவாகிவிடாது. நோயாளியும் தீட்டிய வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பியிருந்தால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்து வாடுவார். தவிடு நீக்காத சிவப்பரிசி, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கொண்ட குரக்கன், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலி, முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, தயிர் இவையெல்லாம் நம் சந்தையில் கிடைக்கின்றன. குரக்கனைக் கோதுமை அரைத்த ஆலையில் கொடுக்காமல் வீட்டிலேயே திரித்துக்கொண்டால், இவற்றைக் கொண்டே நிறைவான உணவு சமைக்கலாம். இறக்குமதிப் பொட்டலம் தேவையே இல்லை.

ஆனால் நோய் உண்டோ என்ற ஐயம் எழுந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். அதை நிறுத்தினால் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் குறைந்து, பரிசோதனை பொய்யான ஆறுதலைத் தரக்கூடும். வழக்கம்போல் உண்டுகொண்டே வைத்தியரிடம் சென்று, இரத்தப் பரிசோதனையையும் அவசியமாயின் சிறுகுடல் திசுப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு, அதன்பின் பத்தியத்தைத் தொடங்குங்கள். நோய் உறுதியானால், பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் சோதிக்கச் செய்யுங்கள்.